கோவில்பட்டிப் பக்கம் கறி ஆலைக்கு ஆட்டுக் கணக்கு எடுத்த அனுபவம்

சொந்த ஊர்ப்பக்கம் ஆட்டுக்கறி பதப்படுத்தும் ஆலை ஒன்றைத் தொடங்கலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், கட்டடத்துக்கு வரைபடம் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நானும் இரண்டு சொந்தக்காரர்களும் சேர்ந்து இதில் இறங்கினோம். அவர்கள் இருவரும் வெளியூரில் வேலையில் இருந்தார்கள். ஊரில் இருந்தது நான் மட்டும். ஆட்டுக் கணக்கு எடுக்கும் வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது. இதை எப்படிச் செய்வது என்று சொல்லித்தர அப்போது எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

திட்டம் கேட்பதற்கு நன்றாகவே இருந்தது. கோவில்பட்டியிலிருந்து சாத்தூர், விளாத்திகுளம், சங்கரன்கோவில், கயத்தாறு என்று எந்தப் பக்கம் போனாலும் ஆட்டு மந்தையைப் பார்க்காமல் வர முடியாது. கன்னி, கொடி என்ற வெள்ளாட்டு இனங்கள் இந்த மண்ணுக்கே உரியவை. வேம்பூர் செம்மறி எங்கள் மாவட்டத்து ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்குப் போனால் தென்மாவட்டத்து ஆடெல்லாம் அங்கேதான் நிற்கிறதோ என்று தோன்றும். ஒரு ஆலோசனை நிறுவனம் 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு திட்ட அறிக்கை கொடுத்தது. நாளைக்கு 100 ஆடு, ஆண்டுக்கு 300 நாள் வேலை, ஆடு தாராளமாகக் கிடைக்கும் என்று அதில் இருந்தது. அதை நம்பி இயந்திரத்துக்கு 6 லட்சம் முன்பணமும், நிலத்துக்கு 4 லட்சம் அச்சாரமும் போயின. இதெல்லாம் போன பிறகு, வங்கியில் ஒரு அதிகாரி கேட்டார்: “இந்த நூறு ஆட்டை யார் யார் தருவார்கள், எழுதிக் காட்ட முடியுமா?” அறிக்கையில் அதற்குப் பதில் இல்லை. அங்கிருந்துதான் என் அலைச்சல் தொடங்கியது.

அறிக்கை எப்படிக் கணக்குப் போட்டிருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் உங்களிடம் வரும் அறிக்கையும் அநேகமாக இதே வழியில்தான் போட்டிருக்கும். 2019ஆம் ஆண்டு நடந்த 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகள், 45 லட்சம் செம்மறிகள். அதில் பக்கத்து இரண்டு மூன்று மாவட்டங்களின் எண்ணிக்கையை எடுத்து, ஆண்டுக்கு நூற்றுக்கு 35 வெட்டுக்குப் போகும் என்று வைத்து, 300ஆல் வகுத்திருந்தார்கள். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த 35 எந்த வயதில், எந்த மாதத்தில், யார் கைக்குப் போகிறது என்று ஒரு வரி கூட இல்லை. ஊரில் ஆடு இருப்பதும், அது நம் வாசலுக்கு விற்பனைக்கு வருவதும் வேறு வேறு. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

ஆட்டுக்காரர்களிடம் போய் “எத்தனை ஆடு இருக்கு?” என்று கேட்காதீர்கள். எண்ணிக்கையைச் சொன்னால் கண்ணு பட்டுவிடும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. கடன் வசூலுக்கு வந்த ஆள், ஏதோ திட்டத்துக்குப் பெயர் எழுத வந்த ஆள் என்றும் நினைப்பார்கள். நாற்பது உருப்படி வைத்திருப்பவர் “ஏதோ பத்துப் பன்னிரண்டு கெடக்கு தம்பி” என்பார். எட்டு ஆடு வைத்திருப்பவர், உதவி ஏதாவது வரும் என்று நினைத்தால், இருபது என்பார். கேட்கவேண்டியது விற்ற கணக்கை. “அண்ணாச்சி, போன ஆடியில எத்தனை குட்டி கொடுத்தீங்க? யாருக்குக் கொடுத்தீங்க? என்ன வயசு? எதுக்காகக் கொடுத்தீங்க?” என்று கேட்டால் அப்படியே வந்து கொட்டும். விற்ற ஆட்டை யாரும் மறப்பதில்லை. எந்தக் கிடா என்ன விலைக்குப் போனது, அந்தப் பணம் எந்தச் செலவுக்கு ஆனது என்பது வரை ஞாபகம் வைத்திருக்கிறார்கள். “எதுக்காக” என்ற அந்தக் கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும் விட முக்கியம்.

அதற்குக் கிடைத்த பதில்கள் என்னைக் கலங்கடித்தன. பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்துக் கட்டணம், மகள் சீர், ஆஸ்பத்திரிச் செலவு, விதை வாங்க, நகையைத் திருப்ப. ஒருவர்கூட “விலை ஏறியிருந்தது, அதனால் விற்றேன்” என்று சொல்லவில்லை. ஆடு அவர்களுக்கு வங்கிக் கணக்கு மாதிரி. தேவை வந்தால் எடுப்பார்கள், வராவிட்டால் அது பாட்டுக்கு வளரும். நாம் கிலோவுக்கு இருபது ரூபாய் கூட்டிக் கொடுத்தால் ஆடு கூடுதலாக வந்து குவியும் என்ற நினைப்பை விட்டுவிட வேண்டும். சில வீடுகளில் நேர்மாறாக நடக்கும். விலை கூடினால் இரண்டு ஆட்டுக்குப் பதில் ஒன்றை விற்றாலே அந்தச் செலவு முடிந்துவிடும். மழை நன்றாகப் பெய்து புல் இருக்கிற ஆண்டில் விற்கவே மாட்டார்கள். மழை பொய்த்தால் எல்லோரும் ஒரே மாதத்தில் விற்பார்கள். அப்போது வருவதெல்லாம் எலும்பும் தோலுமாக, பாதி சினை ஆடாக இருக்கும். 2001ஆம் ஆண்டின் அறுவைக்கூட விதிகளின்படி சினை ஆட்டை அறுக்கக் கூடாது, மூன்று மாதத்துக்குக் குறைவான குட்டி உள்ள தாயையும் அறுக்கக் கூடாது. ஆக, ஆடு மலிந்து கிடக்கும் நேரத்திலும் நமக்கு ஆகும் ஆடு குறைவுதான்.

விளாத்திகுளம் பக்கம் ஒரு அக்கா வீட்டில் நல்ல எடையுள்ள கிடாய்கள் நின்றன. மகிழ்ச்சியோடு குறிப்பேட்டில் எழுதினேன். பிறகுதான் சொன்னார், “அந்த ரெண்டும் அய்யனாருக்கு நேர்ந்துவிட்டது தம்பி. மத்த ரெண்டும் எங்க அண்ணன் வாரத்துக்கு விட்டது. அதை நான் விக்க முடியாது.” வாரத்துக்கு விடுவது என்றால் தாய் ஆட்டை ஒருவர் வாங்கிக் கொடுப்பார், இன்னொருவர் மேய்ப்பார், குட்டியில் பாதிப் பாதி. ஆடு நிற்கும் வீடு ஒன்று, விற்க முடிவெடுக்கும் ஆள் வேறு. அன்று முதல் “இது யாருடையது?” என்ற கேள்வியையும் சேர்த்துக்கொண்டேன். எழுதிவைத்த எண்ணிக்கை அதனாலேயே கண்முன்னே சுருங்கியது. ராத்திரி வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும். கூட்டாளிகளிடம் போனில் சொன்னால், “நீ சரியா விசாரிக்கல, அறிக்கையில அவ்வளவு இருக்கே” என்பார்கள். அந்த மாதங்களில் நான் அனுபவித்த தனிமையை வேறு எந்த வேலையிலும் அனுபவித்ததில்லை.

சந்தைக் கணக்கைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏமாற்றம் அதிகம் அங்கேதான். எங்கள் பக்கம் செவ்வாய் மேலப்பாளையம், வெள்ளி திருமங்கலம், சனி எட்டயபுரம். கொஞ்சம் வடக்கே போனால் வியாழன் அய்யலூர். ஒவ்வொன்றிலும் நிற்கும் ஆட்டை எண்ணிக் கூட்டினால் மலைப்பாக இருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை திருமங்கலத்தில் விலை படியாத ஆடு சனிக்கிழமை எட்டயபுரத்தில் நிற்கும். வியாபாரிகள் முதுகில் சாயம் பூசி அடையாளம் வைத்திருப்பார்கள். அந்தச் சாயத்தைக் கவனித்தபோதுதான் ஒரே ஆட்டை இரண்டு தடவை எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது. இரண்டாவது, சந்தைக்கு வருவதில் பெரும்பங்கு வளர்ப்புக்குட்டி. வாங்கிப் போகிறவரும் ஆட்டுக்காரர்தான், மறுபடி மேய்ச்சலுக்குத்தான் போகிறது. அதனால் சந்தைக்குள் நிற்பதை விட வெளியேறும் வாசலில் நில்லுங்கள். எந்த வண்டியில் எத்தனை ஏறுகிறது, கேரளப் பதிவெண் எத்தனை, மதுரைப் பக்கம் போவது எத்தனை, பக்கத்து ஊர் கறிக்கடைக்காரர் இருசக்கர வண்டியில் கொண்டுபோவது எத்தனை என்று எழுதுங்கள். நம்மோடு போட்டி போடப்போகிற ஆட்கள் யார் என்பது அந்த வாசலில்தான் தெரியும்.

விலை பேசுவதும் நமக்குப் பழக்கமில்லாத முறை. தரகர் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துப் பேசுவார். தராசு கிடையாது. முதுகையும் இடுப்பையும் ஒரு தடவை பிடித்துப் பார்த்து “பத்துக் கிலோ நிக்கும்” என்று கறிக்கடைக்காரர் சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும். நாம் உயிர் எடைக்கு வாங்குவோம் என்று தராசைக் கொண்டுபோனால், அன்று காலை வயிறு நிறையத் தீனியும் தண்ணீரும் கொடுத்து ஆட்டைக் கொண்டுவருவார்கள். மேய்ச்சலுக்கு விடுவதற்கு முன், பட்டியிலேயே எடை போட வேண்டும். ஒரு தொங்கு தராசும் சாக்குத் தூளியும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் குட்டிகளைத் தூக்கிப் பார்த்தேன். அந்தத் தராசு செய்த உதவியை அறிக்கை செய்யவில்லை. மேய்ச்சலில் மட்டும் வளரும் ஆறு மாதக் குட்டி பெரும்பாலும் 12 முதல் 15 கிலோவுக்குள்தான் நின்றது. உயிர் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கறி நிற்கும் என்பதால் அதில் கிடைப்பது ஆறேழு கிலோ. எங்கள் இயந்திரத்துக்கும், நாங்கள் பேசிவைத்திருந்த உணவகங்களுக்கும் 10 கிலோவுக்கு மேல் கறி நிற்கும் ஆடு வேண்டும். அதற்கு ஒரு வயதாவது ஆக வேண்டும். ஆனால் வீட்டுக்காரர்கள் விற்பது ஐந்து ஆறு மாதத்தில்.

சரி, இதையெல்லாம் சேர்த்து நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன். இது நான் விசாரித்த மந்தைகளின் கணக்கு, உங்கள் ஊரில் மாறும். ஆனால் போடும் வழி இதுதான். நூறு உருப்படி உள்ள வெள்ளாட்டு மந்தையில் தாய் ஆடு ஐம்பத்தைந்து, அறுபது இருக்கும். சினைக்காலம் ஐந்து மாதம், இரண்டு வருடத்தில் மூன்று ஈற்று என்பார்கள். எல்லா ஆடும் அப்படி ஈனுவதில்லை. கழிச்சல், நாய்க்கடி, திருட்டு எல்லாம் போக ஆண்டுக்கு 80 குட்டி தேறினால் நல்ல மந்தை. அதில் இருபது, இருபத்தைந்து பெட்டைக்குட்டியைத் தாய்க்கு நிறுத்துவார்கள். மீதி ஐம்பத்தைந்தில் நேர்ச்சை, வீட்டு விசேஷம், வளர்ப்புக்கு விற்பது போக, வெட்டுக்கு வருவது 35. அந்த 35இல் எங்களுக்கு வேண்டிய எடையில் இருப்பது 16. அந்தப் பதினாறுக்கும் உள்ளூர்க் கறிக்கடை, கேரள வியாபாரி, மதுரை வியாபாரி எல்லோரும் போட்டி. நாலில் ஒன்று நமக்கு வந்தால் அதுவே பெரிது. ஆக நூறுக்கு 4. நாளைக்கு 100 வீதம் ஆண்டுக்கு 30,000 ஆடு வேண்டுமென்றால், சுற்று வட்டாரத்தில் ஏழரை லட்சம் ஆடு இருக்க வேண்டும். மாநிலத்தின் மொத்த ஆட்டில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு! இந்த எண் வந்த ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. அதே சமயம், கடன் வாங்கிக் கட்டடத்தை எழுப்பிய பிறகு தெரியாமல் இப்போதே தெரிந்ததே என்று மறுநாள் காலையில் ஒரு நிம்மதியும் வந்தது. இரண்டும் உண்மை.

மாதக் கணக்கைத் தனியாகப் பாருங்கள். ஆண்டுச் சராசரி பொய் சொல்லும். வைகாசி, ஆனி, ஆடியில் ஆடு நிறைய வெளியே வருகிறது. பள்ளிக் கட்டணமும் கோயில் கொடையும் அப்போதுதான். ஆனால் கொடைக்கும் பக்ரீத்துக்கும் நல்ல கிடாய்கள் ஆலை கட்டுப்படியாகாத விலைக்குப் போகும். பக்ரீத் ஆண்டுக்கு ஏறத்தாழ பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும் என்பதால் போன வருடக் குறிப்பை அப்படியே நம்ப முடியாது. புரட்டாசியில் கறி சாப்பிடுகிறவர்கள் குறைவு, விலை இறங்கும், வசதி உள்ளவர்கள் விற்காமல் நிறுத்திக்கொள்வார்கள். தீபாவளிக்கு வருவதைக் கறிக்கடைகள் அள்ளிக்கொள்ளும். அப்புறம் மழை. கரிசல் காட்டில் புரட்டாசி தொடங்கித் தை வரை உளுந்தும் பாசியும் சோளமும் நிற்கும். மேய்ச்சலுக்கு இடமில்லாமல் செம்மறிக் கிடைகள் தாமிரபரணிப் பாசன வயல் பக்கமும் மலையடிவாரமும் போய்விடும். கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் இருக்கிற ஆடு அந்த மாதங்களில் நம் மாவட்டத்திலேயே இல்லை. ஒரு கிடையின் பெரியவரைத் தேடிப் போனபோது, “இங்க மழை விழுந்தா எங்களுக்கு இங்க வேலை இல்லை. காலு எங்க போகுதோ அங்கதான் ஆடும்” என்றார். மழைக்காலத்தில் நீலநாக்கு நோயும் செம்மறிகளைப் பிடிக்கும். நோய் வந்த பகுதியிலிருந்து ஆடு வாங்கி ஒன்றாக அடைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நோயைப் பற்றியும் நடப்பு எண்ணிக்கையைப் பற்றியும் தெரிந்துகொள்ளச் சரியான இடம் கால்நடை மருந்தகம். ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போட்ட பதிவும், குடற்புழு நீக்க முகாம் பதிவும் ஊர் வாரியாக அங்கே இருக்கும். கணக்கெடுப்பை விட அது புதிது. மரியாதையாக, வேலை நேரம் தவிர்த்துப் போய் விளக்கிச் சொன்னால் பெரும்பாலான மருத்துவர்கள் உதவுகிறார்கள். எந்த ஊரில் ஆடு கூடுகிறது, எங்கே மேய்க்க ஆளில்லாமல் விற்றுவிட்டார்கள் என்பதை அவர்களைப் போலச் சொல்ல யாராலும் முடியாது. இளைஞர்கள் பட்டாசு, தீப்பெட்டி வேலைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டதால் மந்தையை அப்படியே விற்ற குடும்பங்கள் நான் போன இடமெல்லாம் இருந்தன. அதைப் பார்க்க மனசு கனத்தது.

ஆலைக்குள் என்ன விதி என்பதையும் ஆடு வரத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். அறுவைக்கூட விதிகளின்படி ஒரு கால்நடை மருத்துவர் மணிக்கு 12, நாளைக்கு 96 உருப்படிக்கு மேல் பரிசோதிக்கக் கூடாது. எங்கள் அறிக்கை சொன்ன 100க்கே இரண்டு மருத்துவர் வேண்டும். பரிசோதனை முடிந்த ஆடு 24 மணி நேரம் ஓய்வில் இருக்க வேண்டும், ஓர் ஆட்டுக்கு 1.6 சதுர மீட்டர் இடம் வேண்டும். சந்தை வாரத்தில் சில நாட்கள்தான், ஆலை தினமும் ஓடும் என்றால், வாங்கிய ஆட்டைச் சில நாள் கட்டிவைத்துத் தீனி போட வேண்டும். புது இடத்தில் ஆடு சரியாகத் தின்னாது, எடை இறங்கும். அந்த நட்டம் எந்த அறிக்கையிலும் வருவதில்லை. உணவுப் பாதுகாப்பு உரிமத்தில் நாளைக்கு 10க்கு மேல் 150 வரை சிறு கால்நடை என்றால் மாநில உரிமம், அதற்கு மேல் போனால் மத்திய உரிமம். கறிக்கடைக்காரரோடு விலைப்போட்டி வேறு. அவருக்குத் தலை, கால், குடல், இரத்தம் வரை அன்றே காசாகிவிடும். அவரது லாபமே அதில்தான். நமக்கு அதையெல்லாம் வாங்க ஆள் தேடுவதற்குள் கெட்டுப்போகும். தோலுக்கும் முன்பு கிடைத்த விலை இல்லை. ஆகவே அவர் ஓர் ஆட்டுக்குத் தரக்கூடிய விலையை நம்மால் தர முடிவதில்லை. இதையும் வரத்துக் கணக்கில் சேர்க்க வேண்டும். கட்டுப்படியாகாத ஆடு நமக்கு இல்லாத ஆடுதான்.

பணக்கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இயந்திர முன்பணத்தில் இரண்டரை லட்சம்தான் திரும்பியது. நிலத்து அச்சாரம், ஒப்பந்தக் காலம் தாண்டிவிட்டது என்று முழுவதும் போனது. அறிக்கைச் செலவையும் சேர்த்தால் 9 லட்சத்து 30 ஆயிரம். மூன்று பேருக்கும் ஆளுக்கு 3 லட்சத்துக்கு மேல் நட்டம். எனக்கு ஒரு வருடச் சம்பளமும் இல்லை. வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை குத்திச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு அதிகம் வலித்தது.

இப்போது வாரத்தில் நான்கு நாள், நாளைக்கு 25 ஆடு என்று வைத்துச் சின்ன அளவில் வாடகைக் கட்டடத்தில் தொடங்கும் வேலை நடக்கிறது. பாதி ஆட்டைச் சந்தையில் வாங்காமல், மூன்று மாதக் கிடாய்க்குட்டியை வைத்திருக்கும் வீடுகளோடு முன்கூட்டியே பேசியிருக்கிறோம். வேலிமசால் தழையும் கோ-4 தீவனப் புல்லும் போட்டு ஒரு வயது வரை வளர்த்தால், பட்டியில் வைத்து எடை போட்டு, அன்றே பணம். இடையில் பள்ளிக் கட்டணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ தேவை வந்தால் சிறு தொகை முன்பணமாகக் கொடுக்கிறோம். குட்டியை ஆறு மாதத்தில் விற்காமல் அவர்களால் நிறுத்திவைக்க முடிவது அதனால்தான். முன்பணம் தராத வீடுகளில் பேசிவைத்த குட்டி பாதிக்குப் பாதி முன்கூட்டியே போய்விட்டது.

வங்கிக்குத் திரும்பப் போனபோது, ஆண்டு மொத்தத்தைக் கொடுக்காமல் பன்னிரண்டு தமிழ் மாதங்களுக்கும் தனித்தனியாக, யார் தருவார்கள், என்ன எடை, என்ன காரணத்துக்கு விற்பார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அதிகாரி கார்த்திகை மாத வரிசையை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஆடு மிகக் குறைவாக வரும் மாதம் அது. அந்த மாதத்து வரத்தில் தவணை கட்ட முடியுமா என்று கணக்குப் போட்டு, அதை வைத்தே கடன் தொகையை முடிவு செய்தார்கள்.